அம்மாவின் நடை

பிப்ரவரி 6

அன்புள்ள சுண்டு,

நான் இங்கே சுகம். நீ சளி, இருமல் ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். அவரும் நன்றாகத்தான் இருப்பார். அவர் என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும், தெரியும். அப்பா என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது, என்ன செய்ய.

என்னை வழி மாற்றிவிட்டார்கள். இனி மேட்டுக் குடியிருப்புக்குப் போகும் பேருந்துதான் எனக்கு. ஏற்றம், வளைவு, மறுபடி ஏற்றம். மற்ற ஓட்டுநர்கள் தட்டிக்கழித்த வழி. "உனக்குக் கொடுத்தா நீ சமாளிச்சிடுவேம்மா" என்றார் பணிமனை மேலாளர், ஏதோ பரிசு கொடுப்பதுபோல. நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

வண்டியில் ஒரு வேடிக்கை. ஓட்டும்போது வலது பாதம் நனைகிறது. காலுறை முழுக்க ஈரம் ஊறி விரலிடுக்கில் தண்ணீர் நிற்பதுபோல. நிறுத்தத்தில் பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால் காலுறை வெயிலில் காய்ந்த மாதிரி இருக்கிறது. எங்கோ ஒழுகுகிறது என்று மெக்கானிக்கை வண்டிக்கு அடியில் படுக்க வைத்தேன். ரொம்ப நேரம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "அக்கா, ஒழுகறதுக்கு இதுல தண்ணியே கிடையாது. வீட்ல தூங்கினீங்களா, இல்லையா?" என்றார். நடத்துநர் அன்றிலிருந்து என்னை "தண்ணி டிரைவர்" என்கிறான். அந்தப் பெயரை வெளியில் சொல்லாதே என்று மிரட்டி வைத்திருக்கிறேன்.

இடது கண்ணும் கொஞ்சம் மங்கல். கண்ணைத் திருப்பினால் உள்ளே வலி. நாற்பது நெருங்குகிறது, கண்ணாடி போடச் சொல்கிறதோ என்னவோ. நீதான் கண்ணாடிக் கடைக்காரியாயிற்றே, இலவசமாக ஒரு யோசனை சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டு எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பைப் பற்றித்தான் யோசனை.

தொலைபேசியில் கேட்டுவிடலாம் என்று பார்த்தேன். அப்பா நாற்காலியை அதற்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன் ஊர்ப் பேச்சு வந்தால் பேப்பர் புரட்டுவது நின்றுவிடுகிறது. நிமிர்ந்து மட்டும் பார்க்க மாட்டார். நீங்கள் இரண்டு பேரும் இப்படி வீம்பு பிடித்தால் நடுவில் நான் தபால் தலை ஒட்டியே நாக்கு தேய்ந்து போவேன்.

கண் சங்கதியைக் கடையில் கண் பரிசோதிக்கும் அம்மாளிடம் சொன்னேன். ஃபிரேமைத் துடைத்துக்கொண்டே கேட்டவர், "திருப்பினா வலிக்குதா?" என்றார்; ஆமாம் என்றதும் துணியைக் கீழே வைத்துவிட்டார். "கண்ணாடிக்கு வர்ற மங்கல் வலிக்காது. ஒரு சிவப்பு மூடியை எடுத்து ஒவ்வொரு கண்ணா மூடிப் பாக்கச் சொல்லு. ரெண்டு கண்ணுலயும் ஒரே சிவப்பா இருக்கான்னு கேளு" என்றார்.

எதற்கு என்று கேட்டேன். "முதல்ல பாக்கச் சொல்லு" என்றார், அவ்வளவுதான். செய்து பார்த்து எழுது. கால் ஈரத்தையும் யாரிடமாவது காட்டு. மெக்கானிக்கிடம் அல்ல.

உன் சுண்டு


மார்ச் 28

அன்புள்ள சுண்டு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்பு பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடை அம்மாள் சொன்னபடி மூடியை வைத்துப் பார்த்தேன். வலது கண்ணுக்கு நல்ல சிவப்பு. இடது கண்ணுக்குப் பழைய செங்கல் நிறம், பல தடவை துவைத்து வெளுத்த துணி மாதிரி. சந்திப்பில் சிவப்பு விளக்கையும் அப்படிப் பார்த்தேன். அதுவும் செங்கல்தான். நீ பதறாதே. எழுதலாம் எழுதலாம் என்று இருக்கும்போதே கண் தானாகத் தெளிந்துவிட்டது. தானாக வந்தது, தானாகப் போனது. இதற்குப் போய் டாக்டரா?

வெந்நீரில் குளித்தால் மட்டும் கொஞ்ச நேரம் அந்தக் கண்ணில் சாம்பல் பூத்துவிடுகிறது. உடம்பு ஆறியதும் போய்விடுகிறது.

இன்னொன்று. சொன்னால் சிரிப்பாய். திடீரென்று யாரோ பின்னால் இருந்து என்னைக் கட்டிப்பிடிக்கிறார்கள். மார்புக்குக் கீழே, விலாவைச் சுற்றி, கை கோத்து இறுக்குகிற மாதிரி. மூச்சை முழுசாக இழுக்க முடியவில்லை. நேற்று சமையலறையில் நின்றபோது வந்தது. அடுத்த வீட்டில் இருக்கும் நடத்துநர் மனைவிதான் சொல்லாமல் வந்து விளையாடுகிறாள் என்று நினைத்து, "விடுடி, அடுப்புக்கிட்ட என்ன விளையாட்டு" என்று சத்தம் போட்டுத் திரும்பினேன். பின்னால் சுவர். அந்த நேரத்தில் அந்தப் பிடி இன்னும் என்மேல் இருந்தது, சுண்டு. சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வேலை நன்றாகப் போகிறது. வண்டி ஒரு தூணில் லேசாக உரசியது, பெயிண்ட்தான் போனது. அவரிடம் எதுவும் சொல்லாதே.

உன் அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். கட்டிப்பிடிக்கிறார்கள் என்று நீ எழுதிய இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். வாடிக்கையாளர் இரண்டு தடவை கூப்பிட்டாராம்.

அம்மாவைப் பற்றி எனக்கு என்று சொந்தமாக ஒரு நினைவும் இல்லை. அவள் போனது நான் தவழ்ந்துகொண்டிருந்த காலம். எல்லாம் நீ சொன்னதுதான். என் தலையைப் பின்னிக்கொண்டே சொல்வாய்: அம்மா சில நேரம் பாத்திரம் கழுவிக்கொண்டே, "பெரியவளே, யாரோ என்னைக் கட்டிப்பிடிக்கிறாங்க, விடச் சொல்லேன்" என்று கேட்பாள் என்று. நீ போய் அவள் முதுகுக்குப் பின்னால் காற்றில் கையை வீசி "போ, போ" என்று விரட்டுவாய் என்று. அதை ஒரு விளையாட்டுக் கதையாகத்தான் நான் கேட்டு வளர்ந்தேன்.

அது உனக்கு மறந்துவிட்டதா? அல்லது மறக்கவில்லை, எழுதவில்லை, அவ்வளவுதானா?

தூணில் எப்படி உரசியது? உன் வண்டி இத்தனை வருஷத்தில் ஒரு இலையைக் கூட உரசியதில்லை என்று நீதானே பீற்றிக்கொள்வாய்? தயவுசெய்து டாக்டரிடம் போ. நான் வரட்டுமா?

சுண்டு


மே 14

அக்கா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன்னிடமிருந்து பதில் இல்லை. உன் பணிமனைக்குத் தொலைபேசி செய்தேன், அப்பா பின்வாசலில் நின்ற நேரம் பார்த்து. நீ வேலைக்கு வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். "கொஞ்ச நாளா குனிஞ்சு குனிஞ்சு ஓட்டறாங்க" என்றான் எடுத்தவன். குனிந்து எதைப் பார்க்கிறாய்?

ஒரு வரி போதும்.

சுண்டு


ஜூன் 11

அன்புள்ள சுண்டு,

நீ நலமாக இரு. என் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுதும்.

குனிந்து என் காலைத்தான் பார்த்தேன். பிரேக் மேல் இருக்கிறதா, பக்கத்து மிதியின் மேல் இருக்கிறதா என்று பார்த்தால்தான் எனக்குத் தெரியும். முழங்காலுக்குக் கீழே யாருடைய காலோ மாதிரி ஆகிவிட்டது. தலையைக் குனிந்தால் கழுத்திலிருந்து முதுகுத்தண்டு வழியாக ஷாக் அடித்ததுபோல் சுரீர் என்று இறங்கும். அதையும் பொறுத்துக்கொண்டு குனிந்து குனிந்து ஓட்டினேன். தூணில் உரசியது பெயிண்ட் சங்கதி இல்லை. தூணுக்கு முன்னால் ஒரு பெண் பையோடு நின்றிருந்தாள். சத்தம் கேட்டு நகர்ந்துவிட்டாள். இதை நான் எழுதவில்லை. எழுதினால் நிஜமாகிவிடும் என்று இருந்தது.

போன வாரம் மதியம், சந்தை இறக்கம். வண்டி நிறைய ஆட்கள். பிரேக்கை மிதித்தேன். மிதித்தேனா என்று தெரியவில்லை. குனிந்தால் சாலை தெரியாது, நிமிர்ந்தால் கால் தெரியாது. எப்படியோ ஓரம் கட்டிக் கை பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்துச் சாவியைப் பிடுங்கிவிட்டேன்.

"எல்லாரும் இறங்கிடுங்க. பின்னாடி வண்டி வருது."

"ஏம்மா, வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லை. எனக்குக் கால் தெரியலை."

"கீழதாம்மா இருக்கு, நல்லா பாரு" என்றான் ஒருவன். வண்டியே சிரித்தது. நான் எழுந்து படியில் இறங்கும்போது கால் பின்னிக் கதவில் போய் விழுந்தேன். அப்போது சிரிப்பு நின்றது. "பட்டப்பகல்லயே ஊத்திட்டு வந்திருக்கு" என்று ஒரு குரல்.

மேற்பார்வையாளர் வந்தார். நல்ல மனிதர்தான். "தப்பா எடுத்துக்காதேம்மா, ஆளுங்க சொல்றாங்க. கொஞ்சம் ஊது" என்று முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார்.

ஊதினேன்.

சுண்டு, நம் கூடத்தில் அம்மா இப்படித்தான் ஊதினாள். நாற்காலியில் பெரிய மாமா. பக்கத்தில் அவர். ஜன்னலுக்கு வெளியே தெருவில் பாதி. அம்மா தள்ளாடி நடக்கிறாள், குடிக்கிறாள் என்று பேச்சு. "ஊது, உங்க அண்ணன் முன்னாடி ஊது" என்றார் அவர். அவள் ஊதினாள். ஊதிவிட்டு மூலையில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தாள், இது ஏதோ விளையாட்டு என்று நான் நினைத்துக்கொள்ளட்டும் என்று. நானும் சிரித்தேன்.

இன்னொன்றும் உன்னிடம் சொன்னதில்லை. அவள் போன அன்று குளியலறைக்குள் இருந்து "கால் வரலை, கால் வரலை" என்று கூப்பிட்டாள். நான் ஓடினேன். கதவுக்கு வெளியே நின்ற அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "போகாதே, நடிக்கிறா." பிறகு அவள் கூப்பிடவில்லை. விழுந்து தலையில் அடி என்று எல்லாரும் சொன்னார்கள். அவருடன் நான் ஏன் பேசுவதில்லை என்று நீ கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றினேன் அல்லவா, அதற்குக் காரணம் இதுதான்.

நாளை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அம்மா போன வயதை நான் தாண்டிவிட்டேன், அதனால் தப்பித்தேன் என்று நினைத்திருந்தேன்.

அக்கா


ஜூன் 19

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. நான் இருக்கிறேன்.

நீ சொல்லாதே என்றதை மீறிவிட்டேன். ஆனால் முழுதும் சொல்லவில்லை. காலையில் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "அக்காவுக்குக் கால் மரத்துப்போகுதாம், தடுக்கித் தடுக்கி விழறாளாம், வேலையை விட்டு இறங்கிட்டா" என்று மட்டும்தான் சொன்னேன். வேறு ஒரு சொல் இல்லை.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கால் ஈரமா இருக்குன்னு சொல்றாளா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"வெந்நீர்ல குளிக்க வேண்டாம்னு எழுது. இன்னைக்கே எழுது. வெந்நீர் பட்டா அவளுக்குக் கால் போயிடும்."

"யாருக்குப்பா? அக்காவுக்கா, அம்மாவுக்கா?"

ரொம்ப நேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பும் சிமெண்டும் தின்ற கை. பிறகு என்னிடம் சொல்வதுபோல இல்லாமல் சொன்னார்: "கால் வலிக்கு வெந்நீர் நல்லதுன்னாங்க. நாந்தான் தினம் காய்ச்சித் தூக்கிட்டுப் போவேன். நடந்துதான் உள்ளே போவா. ஊத்த ஊத்த எழுந்திருக்க முடியாது. பச்சைத் தண்ணி ஊத்திக் கொஞ்ச நேரம் விட்டா தானா எழுந்து வந்துடுவா. அப்படி ஒரு நோய் யாருக்கு இருக்கும்? நீயே சொல்லு, யாருக்கு இருக்கும்?"

நான் உன் மார்ச் மாதக் கடிதத்தை நினைத்துக்கொண்டேன். வெந்நீரில் கண் சாம்பலாகிறது, ஆறினால் போய்விடுகிறது என்று எழுதியிருந்தாயே.

அவர் டீயை முடிக்கவில்லை. அந்தக் குளியலறையை அவரே கட்டினார், தெரியுமா உனக்கு? இன்றைக்கு முழுக்க அந்தப் பக்கம் போகவில்லை.

உடனே எழுது.

சுண்டு


ஆகஸ்ட் 2

அன்புத் தங்கைக்கு,

அக்கா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். (எழுதுவது பக்கத்துக் கட்டில்காரி. அழகு நிலையம் வைத்திருக்கிறேன். ஒரு பக்க முகம் இழுத்துக்கொண்டதால் இங்கே படுத்திருக்கிறேன். என் எழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தால் அது நோயால் அல்ல, பள்ளியிலிருந்தே அப்படித்தான்.)

நான் நன்றாக இருக்கிறேன், சுண்டு. வலது கைதான் இப்போதைக்குப் பேனா பிடிக்க மாட்டேன் என்கிறது. பிடிக்கும், கொஞ்சம் பொறு என்கிறார்கள். உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் எழுதாததற்குக் காரணம் கை மட்டும் அல்ல.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்க வைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்று பெயர். (எழுத்துக் கூட்டி எழுதவே எனக்குப் பாதிக் காகிதம் ஆகிவிட்டது.) டாக்டரம்மா எங்கள் மெக்கானிக் மாதிரியே பேசினார். "ஒயர் இருக்கு, மேல் உறைதான் அங்கங்கே போயிருக்கு. அதனால கரண்டு வழியில கசியுது. உறையைக் கடிக்கிறது வெளியிலிருந்து வந்த கிருமி இல்லை. உங்க உடம்போட காவல்காரனே ஆள் தெரியாம கடிக்கிறான்" என்றார். அந்த ஈரம், செங்கல் நிறம், கழுத்து ஷாக், கட்டிப்பிடி எல்லாம் அந்தக் கசிவுதான். சூடு பட்டால் கசிவு அதிகமாகும், ஆறினால் குறையும். வெந்நீரைப் பற்றி அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன். "யார் சொன்னாங்க?" என்றார். வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது என்றேன்.

இது முழுசாகப் போகாது. வரும், அடங்கும், மறுபடி வரும். ஊசி மருந்து போட்டால் வருவதைத் தள்ளிப்போடலாம்.

அவரை இங்கே அனுப்பாதே. நீ எழுதியதற்குப் பதில் என்னிடம் இன்னும் இல்லை.

அக்கா

(தங்கச்சி, கடைசி இரண்டு வரியைச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். எனக்கு விவரம் தெரியாது. இருந்தாலும் சேர்த்து எழுதினேன்.)


ஆகஸ்ட் 24

தங்கச்சிக்கு,

பக்கத்துக் கட்டில்காரி எழுதுகிறேன். பயப்படாதே, உன் அக்கா நடக்கத் தொடங்கிவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தா வரை போய் வருகிறாள். உனக்கு எழுதச் சொன்னபோது, "அப்பா வந்தார், பார்த்தார், போனார்னு போடு, போதும்" என்றாள். அப்பா என்றுதான் சொன்னாள், கவனித்தேன். போதும் என்றால் எனக்குப் போதவில்லை. முடி வெட்டும்போது கண்ணாடியில் எத்தனையோ முகம் பார்த்திருக்கிறேன், அந்த இரண்டு முகம் மாதிரி பார்த்ததில்லை. அதனால் அவளுக்குத் தெரியாமல் இது.

உன் அப்பா காலையிலேயே வந்துவிட்டார். நேரே கட்டிலுக்கு வரவில்லை. டாக்டரம்மாவை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது இருக்கறவங்களைப் பாத்தா நடிக்கிற மாதிரி தெரியுமா?"

"நிறைய பேருக்கு அப்படித்தான் தெரியும், ஐயா. காலையில நடப்பாங்க, மத்தியானம் முடியாது. வெளியில காயம் ஒண்ணும் இருக்காது. இவங்களை நம்பவைக்கறதே பாதி வைத்தியம்."

அவர் தலையாட்டிவிட்டு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மதியச் சாப்பாடு வந்து தட்டெல்லாம் எடுத்துப்போகிற வரைக்கும் அங்கேயேதான். பிறகு உள்ளே வந்து கால்மாட்டில் நின்றார். உன் அக்கா கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தாள்.

"கட்டிப்பிடிக்கிற மாதிரி வருதா?" என்றார்.

"வருது."

"ரொம்ப இறுக்குதா?"

"இறுக்குது." பிறகு அவள் கேட்டாள். "அம்மா கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"கால் வரலைன்னு கேட்டுச்சு. தண்ணி ஆறினா தானா எழுந்து வருவான்னு நின்னேன். எப்பவும் வருவா."

அவர் குனிந்து போர்வையின் விளிம்பைச் சரி செய்தார். அதற்குள் இருந்த கால் அவர் கையைக் கண்டு நகரவில்லை. அது மரத்துப்போன கால், அவர் தொட்டது அவளுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. போய்விட்டார்.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், ஒரு பக்கக் கண்ணால்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.


செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வீடு திரும்பிவிட்டாய் என்று கேட்டு நிம்மதி. ஊசி போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாயா? காய்ச்சல் வருமாமே, வந்ததா? நான் நலம். தினமும் காலையில் கடைக்குப் போனதும் முதல் வேலையாக நான் என்ன செய்கிறேன் என்று நீயே ஊகித்திருப்பாய். இரண்டு கண்ணிலும் சிவப்பு சிவப்பாகத்தான் இருக்கிறது.

நான் அனுப்பாமலே அப்பா தானாகக் கிளம்பி உன்னைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பேச்சே இல்லை. போன சனிக்கிழமை சட்டையை மாற்றிக்கொண்டு, "பெரிய மாமா கடைக்குப் போறேன், நீயும் வா" என்றார். அம்மா போனதிலிருந்து அந்த இரண்டு பேரும் ஒரே தெருவில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்கிறவர்கள், உனக்குத் தெரியுமே.

மாமா சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் நின்றார்கள். அப்பா உள்ளே போகவில்லை. வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மச்சான், உங்க தங்கச்சி குடிக்கலை."

மாமா நிமிரவில்லை. "தெரியும்" என்றார்.

"நரம்பு வியாதி. இப்ப பெரியவளுக்கும் வந்திருக்கு."

அப்போதுதான் மாமா டியூபை விட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்து முடியவே இல்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும், மாப்பிள்ளை. அவ ஊதினப்போ வாசனை வரலை. உங்களுக்கும் வரலைதானே?"

"வரலை."

"அப்புறம் ஏன் குடிச்சிருக்கான்னு சொன்னீங்க?"

"நீங்க ஏன் இல்லைன்னு சொல்லலை?"

மாமா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "குடின்னா திருத்திடலாம். குடி இல்லைன்னா புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு சொல்லணும். எதைச் சொல்றது?"

அக்கா, அந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், அவள் மேல் போடுவதற்கு எந்தச் சொல் மலிவு என்று பார்த்து அதைப் போட்டிருக்கிறார்கள். நான் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றேன். யாரோ ஒரு ஆள் தன் சைக்கிள் ஆயிற்றா என்று கேட்டான். மாமா எழுந்து அந்த டியூபை மாட்ட ஆரம்பித்தார். அப்பா பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா கேட்டார்: "பெரியவளுக்கு இதை எழுதுவியா?" எழுதுவேன் என்றேன். "எழுது" என்றார்.

அவரை நான் என்ன செய்வது, அக்கா? எனக்குச் சமைத்துப் போட்டு வளர்த்தவர். நான் சின்னவளாக இருந்தபோது என் காய்ச்சலுக்குக் கண் விழித்துக் கிடந்தவர். இப்போது அவர் எதிரில் தட்டு வைக்கக் கை கூசுகிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்

சுண்டு


நவம்பர் 17

அன்புள்ள சுண்டு,

இது என் கை எழுதியது. எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது, நீ பொறுமையாகப் படி. நான் தேறி வருகிறேன். வலது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்க வேண்டியிருக்கிறது. கையில் கோல். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்து போகிறது, பழகிவிட்டது. களைப்புதான் பெரிய தொல்லை. ஒரு துணியை உலர்த்திவிட்டு, ஒரு மலையை நகர்த்தியதுபோல் உட்கார்ந்துவிடுகிறேன். பணிமனையில் வண்டிகளுக்கு நேரம் பிரித்துக் கொடுக்கும் மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நடத்துநர் என்னை இப்போது "மேடம்" என்கிறான். தண்ணி டிரைவரே தேவலை.

முதலில் உன் விஷயம். டாக்டரம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கு வந்தே தீரும் என்று இல்லை, மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு, பெரும்பாலும் வராது என்றார். அம்மாவுக்கு இதுதானா என்று கேட்டதற்கு, படம் எடுக்காமல் எப்படிச் சொல்ல என்றார். பிறகு நான் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு, "அவங்களைப் பாத்திருந்தா இந்த வார்டுலதான் படுக்க வெச்சிருப்பேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா எவ்வளவு ஏங்கியிருப்பாள் என்று நினைத்தேன்.

அவருக்குத் தட்டு வை. நான் பேசாமல் இருந்தது என் பாடு, அதை நீ எடுத்துக்கொள்ளாதே. எனக்கும் அவரை மன்னிக்கத் தெரியவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு முயற்சி செய்தேன், வரவில்லை. ஆனால் மாமா கடை வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார் என்று நீ எழுதியதை நான் மறுபடி மறுபடி படித்தேன்.

கடை வாசல் போதாது என்று அவரிடம் சொல். அன்று ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களில் இன்னும் யார் யார் அந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று யோசித்து வைக்கச் சொல். மாவு மில்காரர் இருப்பார். எதிர்வீட்டு அத்தை இருப்பாள், அம்மா நடக்கும்போது அவள்தான் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவாள். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

அவரைத் தனியாகப் போகச் சொல்லவில்லை. எனக்கு லீவு கொடுத்திருக்கிறார்கள், இருபத்தெட்டாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். நிறுத்தத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வா. வண்டி எடுக்க வேண்டாம். நிறுத்தத்திலிருந்து வீடு வரை தெரு வழியாகவே போவோம், நல்ல வெளிச்சத்தில். மெதுவாகத்தான் வருவேன். என் வேகத்துக்கு அவர் பக்கத்தில் நடந்து பழகட்டும்.

நேற்று பணிமனைக் கண்ணாடிக் கதவில் என் நடையைப் பார்த்தேன், சுண்டு. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, கால் பின்னி, தோள் சுவரைத் தேடி. அம்மாவைப் பார்த்த நினைவே இல்லை என்று வருத்தப்படுவாயே. நிறுத்தத்தில் நான் இறங்கும்போது நன்றாகப் பார்த்துக்கொள். அச்சு அசல் அவள்தான். தெருவுக்கும் அடையாளம் தெரியும்.

அக்கா